பலகையின் அடிவரி

அன்புள்ள ஐயா,

ரிச்மண்ட் நகருக்குக் குடிவந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. வர்ஜீனியாவின் சாலையோரங்களில் வரலாற்றுப் பலகையைக் கண்டால் காரை நிறுத்திப் படித்துப் படமெடுப்பது என் வழக்கம். மனைவி கேலி செய்கிறார். ஒரு சிற்றூரின் பழைய பாலத்துக்கும் பலகை வைக்கும் இவர்களுடைய வரலாற்றுணர்வு நம்மவர்க்கு ஏன் இல்லை என்று ஏக்கமாக இருக்கிறது. இவற்றைத் தொகுத்துத் தமிழில் நூலாக்கலாமா? ஏழு படங்களை இணைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் என்ற சிற்றூரைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். மனைவியின் கேலியை அவரிடமே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நம்மவர்க்கு வரலாற்றுணர்வு இல்லை என்ற புலம்பலை விமானம் ஏறியவர்கள் எல்லாரும் எனக்கு எழுதியாகிவிட்டது, அதையும் விடுங்கள். ஆனால் பலகை நடுவதையே வரலாற்றுணர்வு என்று எடுத்துக்கொண்டீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நானும் உங்களைப்போல் மயங்கியவன்தான். பல ஆண்டுகளுக்கு முன் உங்கள் மாநிலத்தில், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு மாலையில், நண்பர் காருக்குள் பொறுமையிழந்து காத்திருக்க, வெள்ளைத் தகட்டில் புடைத்து நின்ற கறுப்பு எழுத்துகளை விரலால் தடவிப் படித்தேன். 1860களில் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு படை அவ்வழியே சென்றது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. கடைசியில் விரல் நின்ற இடத்தில் 1928 என்றிருந்தது. 1927இல் ஒன்றாம் எண் நெடுஞ்சாலையோரம் அந்த மாநிலம் இத்தகைய பலகைகளை நடத் தொடங்கியது; காரில் போகிறவர்களுக்காக என்பதால் வாசகம் சுருக்கமாக இருந்தது. சுருக்கும்போது எதை விடுவது என்று முடிவு செய்தவர்கள் 1860களின் மனிதர்கள் அல்லர், 1920களின் மனிதர்கள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

இனி கோல்ஃபாக்ஸ். 1872 தேர்தலில் வென்றது யார் என்ற தகராறில் அவ்வூர் நீதிமன்றக் கட்டடத்தைக் கறுப்பின மக்கள் காத்து நின்றார்கள். 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறன்று, ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் அதற்குத் தீ வைத்தது, சரணடைந்தவர்களையும் சுட்டது, பிடித்து வைத்திருந்தவர்களை அன்றிரவே கொன்றது. தண்டனை பெற்ற மூவரையும் 1876இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு விடுவித்தது. 1950இல் மாநில அரசுத் துறையொன்று அங்கே நட்ட பலகை சொன்னது இதுதான்: இவ்விடத்தில் கோல்ஃபாக்ஸ் கலவரம் நிகழ்ந்தது, அதில் மூன்று வெள்ளையரும் 150 நீக்ரோக்களும் கொல்லப்பட்டனர், தென்மாநிலங்களில் வடக்கத்தி வந்தேறிகளின் முறைகேடான ஆட்சி அத்துடன் முடிவுற்றது. (உள்நாட்டுப் போருக்குப் பின் வடக்கிலிருந்து வந்து தெற்கின் அரசியலில் இறங்கியவர்களைத் தெற்கத்தி வெள்ளையர் இகழ்ந்து சொன்ன பெயர் அது.)

வினைச்சொற்களைப் பாருங்கள். மழை பெய்ததுபோல் கலவரம் ‘நிகழ்ந்தது’. ‘கொல்லப்பட்டனர்’ சரி, கொன்றது யார்? ‘கொன்றார்கள்’ என்று எழுதியிருந்தால் யார் என்ற கேள்வி அடுத்த கணமே எழுந்திருக்கும். செயப்பாட்டு வினை என்பது கொலைகாரன் கைகழுவும் தொட்டி என்று நான் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். இலக்கணப் பித்து என்று சிரிக்கிறார்கள். அதே ஊரின் இடுகாட்டில் 1921இல் வைத்த கல் ஒன்று உண்டு. வெள்ளையர் மேலாதிக்கத்துக்காகப் போரிட்டு வீழ்ந்த வீரர்கள் என்று மூன்று பேருடைய பெயர்களை அது பொறித்திருக்கிறது. அருவருப்பான கல்தான், ஆனால் எதற்காகச் சுட்டார்கள் என்பதை அது மறைக்கவில்லை. முப்பது ஆண்டு கழித்து வந்த அரசுப் பலகைக்கு அந்த நேர்மையும் இல்லை. அந்தப் பலகையை அகற்ற 2021 வரை ஆயிற்று. இறந்த கறுப்பினத்தவரில் உறுதியாகத் தெரிந்த 57 பேரின் பெயர்களோடு ஒரு நினைவுத்தூண் எழ 2023 வரை, அதாவது சரியாக 150 ஆண்டுகள் ஆயின.

நூலைப் பற்றிக் கேட்டீர்கள். போடுங்கள், யார் தடுத்தார்கள்? நீங்கள் மழையில் இறங்கி நிற்கிறவர் என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நீங்கள் அனுப்பிய ஏழு படங்களில் ஐந்தில் அடிவரி வெட்டுப்பட்டிருக்கிறது. பலகையை யார், எந்த ஆண்டு வைத்தார்கள் என்பது அந்த வரியில்தான் இருக்கும். இரண்டடி பின்னால் நின்று மறுபடி எடுத்து அனுப்புங்கள்.