வயிறு சுத்தமானால் முகப்பரு போய்விடுமா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, உயர்தரம் படிக்கிறாள். முகம் நிறையப் பரு. வயிற்றில் அழுக்கு சேர்ந்தால் முகத்தில்தான் தெரியும், பேதிக்குக் கொடு என்கிறார் அம்மம்மா. மீன், இறால், முட்டை, கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி, அதாவது தோலில் அரிப்பையும் பருவையும் கிளப்பும் சாப்பாடு, என்று நிறுத்திவிட்டோம். சரிதானா?

பேதி மருந்து கொடுக்காதீர்கள். நிறுத்திய மீனையும் முட்டையையும் இன்றே திரும்பக் கொடுங்கள். மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

நான் திருகோணமலை நகரில் மருந்துக்கடை ஒன்றில் மருந்தாளராக வேலை செய்கிறேன். இதே கேள்வியோடு தாய்மார் வந்தவண்ணம் இருக்கிறார்கள். பிள்ளை பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

சாப்பாட்டுக்கும் தோலுக்கும் தொடர்பு உண்டு என்ற அளவில் அம்மம்மா சொல்வது சரி. ஆனால் குடலில் கிடக்கும் மலம் முகத்துக்கு ஏறுவதில்லை. உடல் கழிக்க வேண்டியதை ஈரலும் சிறுநீரகமும் நாள்தோறும் கழித்துக்கொண்டுதான் இருக்கின்றன. பேதியில் போவது பெரும்பாலும் நீரும் உப்பும்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்த்தே வற்றிப்போகிற பிள்ளைக்கு அது மயக்கத்தைத்தான் கொடுக்கும்.

பரு எப்படி வருகிறது? பருவ வயதின் ஹோர்மோன்கள் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. மயிர்க்கால்களின் வாய் அடைபடுகிறது. உள்ளே பக்டீரியா பெருகி, வீங்கிச் சிவக்கிறது. சாப்பாடு இதற்குள் நுழையும் முக்கிய வழி இன்சுலின். சீனியும் வெள்ளை மாவும் விரைவாகச் செரித்து இரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றும்போது இன்சுலின் கூடுகிறது. அதோடு இன்சுலினை ஒத்த ஒரு வளர்ச்சிக் காரணியும் வேலைசெய்யத் தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து எண்ணெய்ச் சுரப்பை இன்னும் கூட்டுகின்றன.

2007ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயது வரையான 43 ஆண்களை வைத்து இதைச் சோதித்தார்கள். இரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவை 12 வாரங்கள் உண்டவர்களுக்கு, வழமையான உணவை உண்டவர்களை விடப் பரு கூடுதலாகக் குறைந்தது. சின்ன ஆய்வுதான், அவர்களின் உடல் எடையும் குறைந்திருந்தது, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனாலும் நான் இதை நம்புகிறேன், ஏனென்றால் பொறிமுறையோடு ஒத்துப்போகிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது பப்புவா நியூகினியின் கித்தாவா தீவில் எடுத்த கணக்கு. 2002இல் வெளியான அந்த ஆய்வில் 1,200 பேரைப் பரிசோதித்தும் பரு உள்ள ஒருவரைக்கூடக் காணவில்லை. அவர்கள் உண்டவை கிழங்கு, பழம், மீன், தேங்காய். பரம்பரையும் வாழ்க்கை முறையும் வேறு என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனால் மீனையும் தேங்காயையும் பருவுக்குக் குற்றவாளியாக்கும் நம் வீடுகள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். தவறாமல் மீன் உண்ட தீவு அது!

இனி உங்கள் மகளின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் பாண் அல்லது இடியப்பமும் தண்ணீர்ச் சொதியும். பள்ளிக்கூடம் விட்டு ரியூசனுக்குப் போகும் வழியில் ஒரு பணிஸ், ஒரு சோடா. இரவு படிக்க உட்காரும்போது பால்மாவும் மூன்று கரண்டிச் சீனியும் போட்ட தேநீர். எங்கள் கடைக்கு வரும் பிள்ளைகளிடம் கேட்டால் அநேகமாக இந்தப் பட்டியல்தான் வரும். கத்தரிக்காயை நிறுத்திய வீட்டில் பணிஸ் தப்பிப் பிழைத்திருக்கிறது.

இடியப்பத்தை விட வேண்டாம். எண்ணிக்கையைக் குறைத்து, பருப்பும் மீனும் ஒரு கீரைச் சம்பலும் சேர்த்தால் அதே இடியப்பம் மெதுவாகச் செரிக்கும். வல்லாரையோ பொன்னாங்கண்ணியோ தேங்காய்ப்பூவோடு தாராளமாக இருக்கட்டும். மாலைப் பசிக்கு அவித்த கடலை அல்லது பயறு கொடுத்துவிடுங்கள். பாலைப் பற்றி ஒரு வார்த்தை: கொழுப்பு நீக்கிய பால் அதிகம் குடித்தவர்களிடம் பரு சற்றுக் கூடுதலாக இருந்ததாக அமெரிக்க ஆய்வுகள் உண்டு. தொடர்பைத்தான் அவை காட்டுகின்றன, பால்தான் காரணம் என்று நிறுவவில்லை. பால் தேநீரைப் பிளேன்ரீ ஆக்கிச் சில வாரங்கள் பாருங்கள். கிண்ணியாச் சட்டித் தயிரை நிறுத்தத் தேவையில்லை. மேலே ஊற்றும் பாணியைக் குறைத்தால் போதும்.

மீனுக்கு ஏன் இந்தக் கெட்ட பெயர் வந்தது என்றும் சொல்ல வேண்டும். சூரை, சாளை போன்ற கருஞ்சதை மீன்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இயல்பாகவே அதிகம். பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அந்த மீனை உண்ட சற்று நேரத்தில் முகம் சிவக்கும், தோல் தடிக்கும், அரிக்கும், தலையிடிக்கும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. இப்படி ஒருமுறை பட்டவர் ‘எனக்குச் சூரை ஒத்துக்கொள்ளாது’ என்று ஆயுளுக்கும் மீனை விட்டுவிடுகிறார். உண்மையில் பழுது மீனில் இல்லை, அதை வைத்திருந்த விதத்தில். ஒரே கறியைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் தடித்ததா, புதிய மீன் உண்ட நாட்களில் ஒன்றும் நேரவில்லையா என்று கேட்டாலே பெரும்பாலும் விளங்கிவிடும். இறால், நண்டுக்கு உண்மையான ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கிறார்கள். உதடு வீங்கினால், மூச்சு முட்டினால் யோசித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆனால் அந்த ஒவ்வாமை தோலைத் தடிக்க வைக்கும், பருவை உண்டாக்காது.

மாதவிடாய் வரும் வயதுப் பெண்பிள்ளையிடமிருந்து மீனையும் முட்டையையும் பறித்தால் புரதமும் இரும்பும் துத்தநாகமும் குறைகின்றன. தோல் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ள வேண்டியவையே இவை. இதனால்தான் முதல் வரியிலேயே அவசரப்பட்டேன்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: பிள்ளையின் பிடரி, அக்குள். அங்கே வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கில்லை. உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காமல், இரத்தத்தில் இன்சுலின் கூடிக் கிடப்பதன் அடையாளமாக அது இருக்கலாம். எத்தனையோ தாய்மார் பீர்க்கங்காய் நாரால் பிள்ளையின் கழுத்தைப் புண்ணாகும்வரை தேய்க்கிறார்கள். ‘குளிப்பதில்லையா?’ என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதாக ஒரு பெண்பிள்ளை என்னிடம் சொல்லி அழுதது இன்னும் மனதை அறுக்கிறது. தேய்ப்பதை நிறுத்தி, இரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். அரச ஆஸ்பத்திரியில் காசில்லாமல் செய்யலாம்.

குடல் பக்டீரியாக்களைப் பற்றி இப்போது எங்கும் பேச்சு. புதிய சிந்தனையுமில்லை, 1930இலேயே ஸ்டோக்ஸ், பில்ஸ்பரி என்ற இரு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் மனம், குடல், தோல் மூன்றையும் இணைத்து எழுதினார்கள். நார்ச்சத்தைக் குடல் பக்டீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது அழற்சியைத் தணிக்கும் கொழுப்பமிலங்கள் உருவாகின்றன. கீரையும் பருப்பும் கொடுக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். அதற்காக விலை கூடிய புரோபயோட்டிக் மாத்திரை வாங்காதீர்கள். கரப்பன் நோய்க்கு அவற்றைக் கொடுத்த ஆய்வுகளை 2018இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, நோயாளிகள் உணர்ந்த குறையில் வித்தியாசம் மிகச் சிறிதாகவோ இல்லாமலோதான் இருந்தது. விற்பவள் நானே சொல்கிறேன்.

வீட்டில் வேறு யாருக்காவது இரவில் விரலிடுக்கில் அரிப்பு இருந்தால் அது சொறிப் பூச்சியாக இருக்கக்கூடும். அதற்கு எந்தப் பத்தியமும் உதவாது. வீட்டார் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும்.

உணவு மாற்றத்தின் பலனைப் பார்க்க மூன்று மாதமாவது விடுங்கள். மருந்தையும் ஒதுக்க வேண்டாம். பென்சாயில் பெரொக்சைட், அடபலீன் போன்ற பூச்சுகள் நன்றாக வேலை செய்கின்றன, அவையும் பல வாரங்கள் எடுக்கும். முகம் வெளுக்க என்று கைமாறி வரும் ஸ்டீராய்ட் கிரீமை மட்டும் தொடவே விடாதீர்கள். தோலை மெலிதாக்கி, பருவையும் கூட்டும். பரு கட்டியாகி வலித்தால், வடு விழத் தொடங்கினால், வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாவிட்டால், நாடியில் மயிர் முளைத்தால் அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சூலகக் கட்டிகளோடு வரும் ஹோர்மோன் கோளாறும் இப்படிப் பருவாகத் தெரியும். மகள் அதைத் தனியாகச் சொல்ல விரும்பினால் நீங்கள் வெளியே வாங்கில் சற்று இருங்கள்.