கலிஃபோர்னியாவில் அனுமதி, விசாவுக்கு ஆபத்து

கேள்வி: எச்-1பி விசாவில் கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கிறேன். இங்கே உரிமம் பெற்ற கடையிலேயே கஞ்சா மிட்டாய் விற்கிறார்கள். வாங்கிச் சாப்பிட்டால் பின்னாளில் கிரீன் கார்டுக்குச் சிக்கல் வருமா?

பதில்: வரலாம். கைதோ வழக்கோ இல்லாமலேகூட வரலாம்.

கலிஃபோர்னியா மக்கள் 2016 நவம்பரில் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டப்படி, 21 வயது நிரம்பியவர் 28.5 கிராம் வரை கஞ்சா வைத்திருக்கலாம். அது மாநிலச் சட்டம். 1970-இல் வந்த ஃபெடரல் (மத்திய அரசு) போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலிலோ கஞ்சா இருக்கிறது. விசா, கிரீன் கார்டு, குடியுரிமை மூன்றுமே ஃபெடரல் அரசின் கையில் உள்ளவை. அந்த அதிகாரிகளிடம் கடை ரசீதைக் காட்டிப் பயனில்லை.

இந்திய அரசியலமைப்பில் இருப்பதுபோல மத்திய, மாநில, பொது என்ற மூன்று அதிகாரப் பட்டியல்கள் அமெரிக்காவில் கிடையாது. நாடாளுமன்றத்துக்கான அதிகாரங்களை மட்டும் எழுதிவைத்து, மிச்சத்தை மாநிலங்களுக்கும் மக்களுக்கும் விட்டுவிட்டார்கள். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்துவது நாடாளுமன்றத்தின் அதிகாரம். போதைப்பொருள் சட்டம் நிற்பது அதன் மேல்தான்.

மாநிலச் சட்டமும் ஃபெடரல் சட்டமும் மோதினால் என்ன ஆகும்? 2002-இல் கலிஃபோர்னியாவின் பியூட் மாவட்டத்தில் டயான் மான்சன் என்பவர் மருத்துவத் தேவைக்காக வீட்டில் ஆறு கஞ்சாச் செடிகள் வளர்த்தார். சோதனைக்கு உள்ளூர் போலீஸும் ஃபெடரல் ஏஜென்டுகளும் சேர்ந்தே வந்தார்கள். மாநிலச் சட்டப்படி குற்றமில்லை என்றது உள்ளூர் போலீஸ். மூன்று மணி நேர இழுபறிக்குப் பிறகு ஃபெடரல் ஏஜென்டுகள் ஆறு செடிகளையும் பறித்து அழித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005-இல் 6-3 என்ற கணக்கில் ஃபெடரல் அரசு வென்றது.

அதற்காக, ஃபெடரல் சட்டத்தை அமல்படுத்தும்படி மாநில போலீஸுக்கு வாஷிங்டன் உத்தரவிட முடியாது. 1997 தீர்ப்பு ஒன்று இதைத் தெளிவாக்கிவிட்டது. தெருவில் யாரும் கண்டுகொள்ளாததற்குக் காரணம் இதுதான். அதைப் பார்த்து 'எல்லாம் சட்டப்படிதான்' என்று நினைப்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

பெரும்பாலும் கெடுப்பது சொந்த வாய்தான். குடியேற்றச் சட்டப்படி தண்டனை தேவையில்லை. போதைப்பொருள் குற்றத்தை முறைப்படி ஒப்புக்கொண்டாலே நுழைவையும் கிரீன் கார்டையும் மறுக்கலாம். விமான நிலையத்தில் போனைச் சோதித்துப் படங்களைக் காட்டிக் கேட்கலாம்; கிரீன் கார்டு மருத்துவப் பரிசோதனையிலும் கேள்வி வரும். சரி, பொய் சொல்லிவிடலாமா? கூடவே கூடாது. தெரிந்தே பொய் சொன்னதாக முடிவானால் ஆயுள் முழுக்க நுழைவுத் தடை வரலாம்.

யோசெமிட்டி போன்ற தேசியப் பூங்காக்கள் ஃபெடரல் நிலம். காரில் மிட்டாயோடு உள்ளே போனால் மாநில அனுமதி அங்கே செல்லாது. கஞ்சா நிறுவனத்தில் வேலை, முதலீடு எதுவும் வேண்டாம். அந்தத் தொழிலில் வேலை பார்ப்பது குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தையைப் பாதிக்கலாம் என்று குடியேற்றத் துறை 2019-இலேயே அறிவித்துவிட்டது.

கிரீன் கார்டு கிடைத்த பிறகும் கவனம் தேவை. சொந்த உபயோகத்துக்கு 30 கிராமோ அதற்குக் குறைவாகவோ வைத்திருந்ததாக ஒரே ஒரு தண்டனை என்றால் நாடுகடத்தலிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் வெளிநாடு போய்த் திரும்பும்போது அதே தண்டனை நுழைவுக்குத் தடையாகலாம்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால், அடுத்த ஊர்ப் பயணத்துக்கு டிக்கெட் போடும் முன், எந்தப் படிவத்திலும் கையெழுத்திடும் முன், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.