ஸ்டூல் போட்டு ஏறும் அம்மா

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்களோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். நான்கு மாதமாக நடுமுதுகில் வலி. பனடோல், தைலம் எல்லாம் பார்த்தாயிற்று. அரசாங்கக் கிளினிக்குக்குப் போனால் அரை நாள் போய்விடும். எனக்கு பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் வேலை. வீட்டுக்குக் கீழேயே ஒரு பிசியோ மையம் இருக்கிறது, இரவு 9 மணி வரை திறந்திருக்கும். பத்துத் தடவைக்குப் பேக்கேஜும் தருகிறார்கள். டாக்டர் கடிதம் இல்லாமல் நேராக அங்கே கூட்டிப் போகலாமா? மற்றபடி அம்மா சுறுசுறுப்புதான். சாமி மேடை இப்போது கைக்கு எட்டவில்லை என்று ஸ்டூல் போட்டு ஏறி, தினமும் அவரேதான் விளக்கேற்றுகிறார்.
- பெயர் வேண்டாம், பினாங்கு

பதில்: போகலாம். தனியார் பிசியோ மையங்கள் பலவற்றில் கடிதம் கேட்பதில்லை. அரசாங்க மருத்துவமனையின் பிசியோ பிரிவுக்குத்தான் டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். இன்சூரன்சில் பணம் கேட்பதாக இருந்தாலும் பெரும்பாலும் கடிதம் தேவைப்படும். பந்து விளையாடிக் கால் பிசகிய உங்கள் மகனுக்காகக் கேட்டிருந்தால், கீழே இறங்கிப் போய்விட்டு வாருங்கள் என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன். அம்மாவுக்கு வேண்டாம். காரணம் உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே இருக்கிறது.

'இப்போது எட்டவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முன்பு எட்டியது. சுவரில் அடித்த மேடை தானாக மேலே ஏறாது, தங்கச்சி. குறைந்திருப்பது உங்கள் அம்மாவின் உயரம்.

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேய்கிறது. முதுகெலும்பு உள்ளுக்குள் பொத்தலாகி, ஒரு நாள் வாளியைத் தூக்கும்போதோ பலமாக இருமும்போதோ, மிதிபட்ட பால் டின் மாதிரி நசுங்கிவிடும். விழவே வேண்டியதில்லை. வயதானால் முதுகு வலிக்கத்தான் செய்யும் என்று வீட்டில் எல்லாரும் விட்டுவிடுவதால் இப்படி நசுங்கியதில் பெரும்பாலானவை தெரியாமலே போகின்றன. இளவயதில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தாலே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். வீட்டிலேயே ஒன்று செய்யுங்கள். உங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்து, அம்மாவின் தலை உங்கள் காதுக்கு நேராக இருக்கிறதா, தோளுக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கண்ணாடி முன்னால் அவர் பக்கத்தில் அதே மாதிரி நின்று பாருங்கள்.

அம்மாவுக்கு இதுதான் என்று படம் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. கீழ் வீட்டு மையத்தில் இருப்பவராலும் முடியாது. நல்ல பிசியோதெரபிஸ்ட் என்றால் உயரம் குறைந்த கதையைக் கேட்டதுமே, முதலில் எக்ஸ்ரே எடுத்து வாருங்கள் என்று அவரே திருப்பி அனுப்புவார். விவரம் தெரியாதவர் கையில் கிடைத்தால் குனியச் சொல்வார், முறுக்குவார், முதுகில் அழுத்துவார். நசுங்கிய எலும்புக்கு இவை மூன்றுமே ஆகாது. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் பிசியோதெரபிஸ்ட் பதிவு பெற்றிருக்க வேண்டும். யாரிடம் போனாலும் பணம் கட்டும் முன் அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பேக்கேஜ் பேச்சு இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். என்ன நோய் என்று தெரிவதற்கு முன்பே எப்படிப் பத்துத் தடவை என்று கணக்குப் போட்டார்கள்?

இதைவிட எனக்குக் கோபம் வந்தது அந்த 'சுறுசுறுப்பு' என்ற வார்த்தையில்தான். முதுகு வலியோடு 71 வயதுக்காரர் ஸ்டூலில் நிற்கிறார். எண்ணெய்க் கிண்ணம் ஒரு கையில், தீப்பெட்டி ஒரு கையில். பிடித்துக்கொள்ள மூன்றாவது கை ஏது? 'தினமும்' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். தினமும் வீட்டில் யாரோ ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே கடந்து போயிருக்கிறார்கள். அங்கிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அரை நாள் என்று நீங்கள் யோசித்தது அரை வருடமாகும். பெற்றவர்களை நம்மோடு வைத்துக்கொள்வது என்றால் ஓர் அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுப்பதுதான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பார்த்துக்கொள்வது என்றால் முதலில் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். நடை மாறியதா, சேலையை ஏற்றிக் கட்டுகிறாரா, கூன் விழுகிறதா என்று பிள்ளைகள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்?

இந்த வாரமே லீவு போடுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான். முதுகு வலி என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரையோடு திரும்பி வராதீர்கள். உயரம் குறைந்ததைச் சொல்லுங்கள், ஸ்டூலைச் சொல்லுங்கள். குளியலறையில் வழுக்கியிருந்தாலும், ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ நாள்பட ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தாலும், உடம்பு இளைத்திருந்தாலும், ராத்திரி படுத்த பிறகும் வலி விடாமல் இருந்தாலும் ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். கால் மரத்துப் போனாலோ, வலு இழந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போய்விட்டாலோ கிளினிக்குக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

எலும்பு தேய்ந்திருந்தால் அதற்கு மருந்து இருக்கிறது. பிசியோவும் அவருக்குக் கண்டிப்பாக வேண்டியிருக்கும். முதுகை நிமிர்த்தும் பயிற்சி, தடுமாறாமல் நிற்கும் பயிற்சி எல்லாம் அவர்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்போது டாக்டரிடமே கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இன்று ராத்திரியே செய்ய வேண்டியது. விளக்கேற்றும் வேலையை அம்மாவிடமிருந்து பறித்துவிடாதீர்கள், அவருக்கு அது மனசுக்குத் தெம்பு. வீட்டுக்காரரிடம் சொல்லி ஸ்க்ரூவைக் கழற்றி, சாமி மேடையை அம்மாவின் நெஞ்சு உயரத்துக்கு இறக்கி அடிக்கச் சொல்லுங்கள். ஸ்டூலை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.