எஞ்சின் கேள்வி பதில்: சோக் போட்டால்தான் ஓடுகிறதா?

கேள்வி: பண்ணையில் தண்ணீர் இறைக்க ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சின் பூட்டிய பம்ப் இருக்கிறது. மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்தது. இப்போது சோக்கைப் பாதி மூடி வைத்தால் ஓடுகிறது. முழுக்கத் திறந்தால் ஐடிலிங்கில் (சுமையில்லாத மெதுவான ஓட்டத்தில்) ஏறி இறங்கித் திக்கித் திணறி அணைந்துவிடுகிறது. வேக லீவரை முழுசாகத் தள்ளினால் ஓரளவு நன்றாகவே இறைக்கிறது. பிளக் புதிது. கார்புரேட்டரையே மாற்றிவிடு என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
– லிம் சூ காங் வாசகர்

பதில்: வேண்டாம். கோளாறு எங்கே என்று உங்கள் கேள்வியே சொல்லிவிட்டது. சோக்கை மூடினால் காற்று குறைந்து பெட்ரோல் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. அப்போது எஞ்சின் சீராகிறது என்றால் அதற்குப் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். முழு வேகத்தில் நன்றாக ஓடுவதால், அந்த வேகத்துக்குப் பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட்டில் பெரிய அடைப்பு இல்லை. மிச்சம் இருப்பது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட். இந்த எஞ்சினில் அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. சும்மா கிடக்கும் எஞ்சினில், கார்புரேட்டரின் அடியில் உள்ள ஃப்ளோட் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோலின் லேசான பகுதி நம் ஊர் வெக்கையில் ஆவியாகிவிடும். அடியில் தங்கும் பழுப்புப் பிசின் முதலில் அடைப்பது இந்தத் துளையைத்தான்.

கழற்றுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் எண்ணெயில் ஊறிக் கறுத்திருக்கிறதா? டேங்கில் இருப்பது பழைய பெட்ரோலா? கிண்ணத்துக்கு அடியில் உள்ள வடிகால் போல்ட்டைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தால், அடியில் நீர்முத்துகள் உருள்கின்றனவா? தண்ணீர் வந்தால் டேங்கையும், பெட்ரோல் டேப்புக்குக் கீழே உள்ள வண்டல் கப்பையும் முதலில் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டரைக் கழுவிய மறுநாளே பழைய கதைதான்.

உங்கள் எஞ்சினில் ஒரு வசதி உண்டு. பைலட் ஜெட்டை எடுக்கக் கார்புரேட்டரையே கழற்ற வேண்டியதில்லை. ஐடிலிங் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பிரிங் போட்ட ஸ்க்ரூவைப் பாருங்கள். அதன் தலைதான் பைலட் ஜெட்டை வெளியே வராமல் பிடித்திருக்கிறது. ஸ்க்ரூவைக் கழற்றும்போது, எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தட்டைத் திருப்புளியால் மெல்ல நெம்பினால் கறுப்பு பிளாஸ்டிக் ஜெட் கழன்று வரும். அதன் ரப்பர் வளையம் உள்ளேயே தங்கிவிடாமல் பாருங்கள். ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நுனியில் ஒரு வட்டப் புள்ளி ஒளி தெரிய வேண்டும். தெரியவில்லையா, அல்லது பிறை மாதிரி ஒதுங்கித் தெரிகிறதா, அடைப்புதான்.

அடைப்பை எடுக்கக் குண்டூசி, இரும்புக் கம்பி, சிறு டிரில் எதுவும் வேண்டாம். துளை கொஞ்சம் அகன்றாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும். அப்புறம் எந்த ஸ்க்ரூவைத் திருப்பியும் சரிக்கட்ட முடியாது. ரப்பர் வளையத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை ஜெட்டின் துளைக்குள் பீச்சி, நைலான் தூரிகையின் ஒரு இழையை விட்டு எடுங்கள். மெல்லிய மின்கம்பியின் ஒற்றைச் செம்பு இழையும் ஆகும். முடிவில் காற்று அடியுங்கள். ஜெட் வெளியே இருக்கும்போதே அது உட்கார்ந்திருந்த துளைக்குள்ளும் ஸ்பிரேயின் நீளக் குழாயை வைத்து அடிக்க வேண்டும். பலர் ஜெட்டை மட்டும் கழுவி, அது போகும் பாதையை விட்டுவிடுகிறார்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதைச் செய்யாதீர்கள். எதிர்பாராத துளை வழியாக ஸ்பிரே நேராகக் கண்ணுக்கே வரும்.

இவ்வளவிலேயே பல எஞ்சின்கள் சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் முழுதாக இறக்குங்கள். பெட்ரோல் டேப்பை மூடி, ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினால் கார்புரேட்டர் இரண்டு நீள ஸ்டட்களில் தொங்கும். 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். வெளியே இழுப்பதற்கு முன், கவர்னர் கம்பியும் அதை ஒட்டிய மெல்லிய ஸ்பிரிங்கும் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கை வளைத்துவிட்டால் வேகக் கட்டுப்பாடே போய்விடும். கேஸ்கெட், கறுப்பு இன்சுலேட்டர், மறுபடி கேஸ்கெட், பிறகு கார்புரேட்டர் என்ற அடுக்கும், எது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதும் படத்தில் வரட்டும்.

கிண்ணத்தின் நடு போல்ட்டைக் கழற்றிக் கிண்ணத்தை இறக்குங்கள். ஃப்ளோட்டின் (மிதவையின்) ஊசியாணியை உருவினால் ஃப்ளோட்டும், அதில் தொங்கி பெட்ரோல் வரத்தை அடைத்துத் திறக்கும் நீடிலும் சேர்ந்து வரும். நடுத்தூணில் மெயின் ஜெட் இருக்கிறது. அதன் வெட்டுக்கு அளவான அகலத் திருப்புளியைப் போடுங்கள். பித்தளை மெத்தென்ற உலோகம், சிறிய திருப்புளி போட்டால் வெட்டு வழுக்கிவிடும். ஜெட்டுக்குப் பின்னால் பக்கவாட்டில் துளைகள் உள்ள ஒரு குழாய் நழுவி விழும். அந்தத் துளைகள் ஒவ்வொன்றும் திறந்திருக்க வேண்டும். ரப்பர், பிளாஸ்டிக், ஃப்ளோட் ஆகியவற்றை கிளீனரில் ஊறப்போடாதீர்கள், ஊதிப்போகும். வெற்று உலோக உடலை மட்டும் ஸ்பிரே செய்து, காற்றைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் தகட்டின் ஓரத்தில் உள்ள பொடித் துளைகள் வழியாகவும் ஸ்பிரே பீச்சிக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள். அங்கே வந்தால்தான் ஐடிலிங் பாதை முழுக்கத் திறந்திருக்கிறது.

நீடிலின் ரப்பர் நுனியில் வளையமாகத் தேய்ந்த கோடு இருந்தால் மாற்றுங்கள். பூட்டியபின் கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் குழாயில் வாயால் ஊதினால் காற்று போகக்கூடாது. திருப்பிப் பிடித்தால் போக வேண்டும். எல்லாம் மாட்டிய பிறகு பெட்ரோல் டேப்பைத் திறந்து 5 நிமிடம் காத்திருங்கள். எங்கும் கசியவில்லை என்றால் மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள்.

நன்றாகச் சூடேறியதும் ஐடிலிங்கை 1,400 ஆர்பிஎம் அளவில் வையுங்கள். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். இத்தனைக்கும் பிறகு துடிப்பு நிற்கவில்லை என்றால், ஓடும் எஞ்சினில் இன்சுலேட்டர் கேஸ்கெட் ஓரமாகச் சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். ஓட்டம் மாறினால் அங்கே காற்று உள்ளே போகிறது. கிளீனர் ஸ்பிரேயாலும் இந்தச் சோதனையைச் செய்பவர்கள் உண்டு. சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அது தீ வைக்கிற வேலை. காற்றுக் கசிவும் இல்லையென்றால் வால்வு இடைவெளியைப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் இன்லெட் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மில்லிமீட்டர்.

புதுக் கார்புரேட்டர் பற்றி: மலிவு நகல்களில் ஜெட் அளவு ஒன்றுபோல் இருப்பதில்லை. உடல் அரிக்காத அசல் கார்புரேட்டரைக் கழுவி வைத்துக்கொள்வதே மேல். உள்ளே வெள்ளைப் பொடியாக அலுமினியம் அரித்துக் குழி விழுந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: பழைய கார்புரேட்டர் கப்சாய் வண்டி (சிறு மோட்டார் சைக்கிள்) வைத்திருக்கிறேன். கடற்பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது அணைந்துவிடுகிறது. நண்பர் ஒருவர் பக்கவாட்டு ஸ்க்ரூவைத் திருகினார், இன்னும் மோசமாகிவிட்டது. எத்தனை சுற்று வைக்க வேண்டும்?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: அந்த ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. திராட்டில் ஸ்லைடுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருந்தால் அது பெட்ரோல் ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் காற்று கூடிப் பெட்ரோல் குறையும். ஒன்றுக்கொன்று நேர் எதிர். உங்கள் நண்பர் இதில்தான் தடுமாறியிருக்க வேண்டும்.

மெதுவாக உள்ளே திருப்பி, லேசாக முட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் கூர்நுனி சப்பிப்போய், அது உட்காரும் துளையும் கெட்டுவிடும். அங்கிருந்து ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்று வெளியே எடுப்பது பெரும்பாலான சிறு வண்டிகளுக்குத் தொடக்க நிலை. பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு, கால் கால் சுற்றாகத் திருப்பி ஐடிலிங் அதிகமாக ஏறும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு ஸ்பிரிங் போட்ட வேக ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்து வண்டிக்குச் சொன்ன அளவுக்குக் கொண்டுவாருங்கள். இந்த வகை வண்டிகள் பலவற்றுக்கு அது 1,400 ஆர்பிஎம்முக்கு அருகில்தான் இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஸ்க்ரூவை முழுக்க மூடினாலும் மூன்று சுற்று திறந்தாலும் எஞ்சின் சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை என்றால் திருகுவதை நிறுத்திவிடுங்கள். பைலட் ஜெட் அடைத்திருக்கிறது, மேலே சொன்ன கழுவும் வேலைதான் வழி. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் வேகம் உடனே இறங்காமல் தொங்கி நின்றால், கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். அணையாமல் இருக்கட்டும் என்று பெட்ரோலை அதிகமாக வைத்துச் சமாளிக்க வேண்டாம். பிளக் கரி பிடிக்கும். சிங்கப்பூரில் மூன்று வயது தாண்டிய மோட்டார் சைக்கிள் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டுமே, அங்கே புகையும் சோதிக்கப்படும்.

கேள்வி: புல்வெட்டும் இயந்திரம், டூ ஸ்ட்ரோக். ஐடிலிங் சரியில்லை என்று கார்புரேட்டர் துளைகளில் ஸ்பிரே அடித்து, கம்ப்ரஸ்ஸர் காற்றும் பிடித்தோம். இப்போது ஸ்டார்ட்டே ஆகவில்லை. ஏன்?
– சுவா சூ காங் வாசகர்

பதில்: அதில் ஃப்ளோட் கிண்ணம் கிடையாது. தோளில் மாட்டி எப்படிச் சாய்த்தாலும் பெட்ரோல் போகவேண்டும் என்பதால், மெல்லிய சவ்வுகளே பம்பாகவும் அளவு பார்ப்பதாகவும் வேலை செய்கின்றன. சவ்வு உள்ளே இருக்கும்போதே கம்ப்ரஸ்ஸர் காற்று பிடித்தால் அது கிழியும், அல்லது உள்ளிருக்கும் சிறு வால்வு கழன்றுவிடும். கிளீனர் பட்டால் விறைத்துப்போகும். உங்களுக்கு இவற்றில் ஒன்று நடந்திருக்கிறது.

கார்புரேட்டர் மேல் அச்சிட்ட மாடல் எண்ணைச் சொல்லிச் சவ்வு, கேஸ்கெட், நீடில் அடங்கிய ரிப்பேர் கிட் வாங்குங்கள். இரண்டு மூடிகளையும் திறந்து பழையவற்றை எடுத்த பிறகே உடலைக் கழுவ வேண்டும். சவ்வு முதலா, கேஸ்கெட் முதலா என்ற வரிசை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது, படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் சிறு நெம்புகோலை வளைக்காதீர்கள், பெட்ரோல் அளவைத் தீர்மானிப்பதே அதன் உயரம்தான். கையோடு, டேங்குக்குள் கிடக்கும் ஃபில்டரையும் பெட்ரோல் குழாயையும் மாற்றிவிடுங்கள். வெயிலில் வேலை செய்யும் இயந்திரத்தில் குழாய் விறைத்து, டேங்கைத் துளைத்துப் போகும் இடத்தில் மயிரிழையாக வெடித்திருக்கும். சைலன்சர் வாயில் உள்ள சல்லடை கரியால் அடைத்திருந்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும்.

எண்ணெய்க் கலவை 25க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லிலிட்டர், 50க்கு 1 என்றால் 20 மில்லிலிட்டர். பாட்டில் மூடியால் அளக்கிற பழக்கத்தை விட்டுவிட்டு அளவுக் குவளை வாங்குங்கள். ஹோண்டா ஜிஎக்ஸ்35 போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரமும் உங்களிடம் இருந்தால் அதில் கலவை ஊற்றிவிடாதீர்கள். பூட்டி ஓட்டியதும் முதலில் பார்க்க வேண்டியது கத்தி. ஐடிலிங்கில் அது சுற்றவே கூடாது. சுற்றினால் வேக ஸ்க்ரூவைக் குறையுங்கள். குறைத்தும் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அதை மாற்றும்வரை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 98 பெட்ரோல் ஊற்றினால் ஐடிலிங் சீராகுமா? டேங்கில் ஊற்றும் கிளீனர் திரவம் பலன் தருமா?
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: 98 உதவாது. எஞ்சின் தட்டாமல் இருக்கத்தான் அந்த ஆக்டேன் எண், அடைப்பை அது எடுக்காது. இத்தகைய சிறு எஞ்சினுக்கு 92 போதும். திரவம் லேசான படிவைக் கொஞ்சம் கரைக்கும். முற்றிலும் அடைத்த ஜெட்டுக்குள் பெட்ரோலே போகாதபோது, பெட்ரோலில் கலந்த திரவம் மட்டும் எப்படிப் போகும்?

கேள்வி: வீட்டில் இதைச் செய்ய இடம் இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் எங்கே வைத்துக் கழுவுவது? பழைய பெட்ரோலை என்ன செய்வது?
– யீஷூன் வாசகர்

பதில்: தாழ்வாரம், சமையலறை, குளியலறை மூன்றும் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி அடுப்பு, வாட்டர் ஹீட்டர், சுவிட்ச் பொறி எதையாவது தேடிப் போகும். திறந்த வெளி உள்ள பட்டறையில் செய்யுங்கள். காக்கி புக்கிட், சுங்கை காடுட் பக்கம் வண்டிப் பட்டறைகள் இருக்கின்றன. கார்புரேட்டரை மட்டும் கழற்றிக் கொண்டுபோனால் கழுவித் தருவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பெட்ரோலையும் கழுவிய கிளீனரையும் வடிகாலில் ஊற்றாதீர்கள், நம் வடிகால் நீர் நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. மூடி இறுகும் உலோகக் கேனில் சேர்த்து, கழிவெண்ணெயை ஒப்படைக்கும் பட்டறை அதையும் ஏற்குமா என்று விசாரித்துக் கொடுங்கள்.

இனி அடைக்காமல் இருக்க: எஞ்சின் ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கப்போகிறது என்று தெரிந்தால் பெட்ரோல் டேப்பை மூடி, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். அணைந்த பிறகும் கிண்ணத்தின் அடியில் ஒரு தேக்கரண்டி அளவு தங்கியிருக்கும், பிசினாவது அதுதான். வடிகால் போல்ட்டைத் திறந்து அதையும் வடித்துவிட்டு, போல்ட்டை அதன் வாஷரோடு மறுபடி பூட்டி வையுங்கள்.