மாத்திரை கூடியும் தோல் தேறவில்லையே, எந்தச் சத்து குறைகிறது?

கேள்வி: எனக்கு வயது 28. சைவ உணவுதான், பால், தயிர் உண்டு. உதட்டின் இரு ஓரங்களும் அடிக்கடி வெடித்து எரிகின்றன. கை, கால் வறண்டு செதில் உதிர்கிறது. கழுத்தின் பின்பக்கம் கருத்துவிட்டது. தாடையில் பருக்கள். நான்கு மாதமாக மல்டிவைட்டமின், பயோட்டின் 10,000 மைக்ரோகிராம், வைட்டமின் ஈ 400 ஆகியவற்றைத் தினமும் எடுக்கிறேன். உடற்பயிற்சிக்காக வே புரோட்டீனும் குடிக்கிறேன். பரு கூடியதுதான் மிச்சம். எந்த வைட்டமின் குறைகிறது? இன்னும் எதைச் சேர்க்க வேண்டும்?

பதில்: இப்போதைக்கு எதையும் சேர்க்காதீர்கள். நீங்கள் சொல்லும் நான்கு தொந்தரவுக்கும் ஒரே வைட்டமினைக் காரணம் காட்ட முடியாது. உதட்டோர வெடிப்பில் சத்துக் குறைவுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. வறட்சியில் கொஞ்சம் உண்டு. கழுத்துக் கருமைக்கும் தாடைப் பருவுக்கும் காரணம் அநேகமாக வேறு. அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் உதட்டோரம். இரும்புச்சத்து, பி2, பி6, பி12, ஃபோலிக் அமிலம், துத்தநாகம் இவற்றில் எது குறைந்தாலும் அந்த இடம் வெடிக்கலாம். கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பாருங்கள். சாதாரணமாக நாக்கின் மேல் பொடிப்பொடியான முனைகள் தெரியும். அவை மறைந்து நாக்கு வழவழப்பாக, சிவந்து, காரம் பட்டால் எரிந்தால் சத்துக் குறைவின் மேல் சந்தேகம் வலுக்கிறது. நாக்கு நன்றாக இருந்து, உதட்டோரம் மட்டும் வெளுத்து ஊறினாற்போல் இருந்தால், தேங்கும் உமிழ்நீரில் கேண்டிடா என்ற பூஞ்சை வளர்ந்திருக்கலாம். வறண்ட உதட்டை நாக்கால் நக்கி நக்கி ஈரப்படுத்துபவர்களுக்கு இது அடிக்கடி வரும். அதற்கு வைட்டமின் எத்தனை விழுங்கினாலும் பயனில்லை. மருத்துவர் தரும் பூஞ்சை எதிர்ப்புக் களிம்பைத் தடவி, இரவில் ஓரங்களில் பெட்ரோலியம் ஜெல்லி பூசினால் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அப்போது களிம்பில் ஆறி, நிறுத்தியதும் திரும்பி வரும். அப்படித் திரும்பத் திரும்ப வருவதே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதற்கு அறிகுறி.

என்ன பரிசோதனை? ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, தைராய்டுக்கான டிஎஸ்எச். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்பதோடு நின்றுவிட வேண்டாம். உடலின் இரும்பு இருப்பு காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். அந்த இருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். அது மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்குக் கீழ் போனால் இரும்புக் குறைவு உறுதி, 30-க்குக் கீழே இருந்தாலே பல மருத்துவர்கள் கவனிப்பார்கள். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும், ஆகவே உடம்பு சரியான பிறகு எடுங்கள்.

இங்கேதான் உங்கள் பயோட்டின் குறுக்கே நிற்கிறது. ஒரு நாளைக்குப் போதுமானது 30 மைக்ரோகிராம். நீங்கள் எடுப்பது அதைப்போல் முந்நூறு மடங்குக்கு மேல். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டின் ஒட்டும் தன்மையை வைத்தே அளவு பார்க்கின்றன. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் கணக்கு தவறிவிடும். டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்து, தைராய்டு அதிகமாகச் சுரப்பதுபோல் காட்டும். சில கருவிகளில் பி12 உயர்ந்தும் ஃபெரிட்டின் தாழ்ந்தும் வரும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையில்கூடத் தவறான முடிவு வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. ஆகவே ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, இந்த அளவில் எடுத்து வந்ததை ஆய்வகத்திலும் சொல்லுங்கள். உண்மையான பயோட்டின் குறைவு மிக அரிது. பச்சை முட்டை வெள்ளைக்கருவை நெடுநாள் உண்பவர்கள், வலிப்பு மருந்து சிலவற்றை எடுப்பவர்கள் போன்றோருக்குத்தான் வரும். உங்களுக்கு அதைத் தொடரக் காரணம் எதுவும் தெரியவில்லை.

இரும்பு குறைந்திருந்து மருத்துவர் மாத்திரை கொடுத்தால், எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதில்தான் பாதிப் பலன் இருக்கிறது. வெறும் வயிற்றில், வைட்டமின் சி உள்ள பழத்தோடு எடுத்தால் நன்றாக உறிஞ்சும். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றுக்கு இரண்டு மணி நேர இடைவெளி கொடுங்கள். தினமும் எடுப்பதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. வயிற்றுத் தொந்தரவும் குறையலாம். இப்படி எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மலம் கருப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பி12 சைவ உணவுக்காரர்களுக்குக் குறைய வாய்ப்பு அதிகம். விரல் மூட்டுகளும் உள்ளங்கை ரேகைகளும் கருப்பது அதன் தோல் அறிகுறி. அதை அளந்து பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் எடுக்காதீர்கள். ரத்தசோகை சரியானதுபோல் தோன்றும், நரம்புச் சேதமோ உள்ளே தொடரும். அதே நேரம், அதிக அளவு பி12 சிலருக்கு முகத்தில் பருவைக் கிளப்பிவிடும் என்பதும் உண்மை. பரு கூடிய நாளையும் மல்டிவைட்டமின் தொடங்கிய நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பருவுக்கு என் முதல் சந்தேகம் வே புரோட்டீன்தான். பாலிலிருந்து வரும் இந்தப் புரதம் இன்சுலினையும், இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியையும் தூண்டுகிறது. அவை எண்ணெய்ச் சுரப்பிகளை முடுக்கிவிடும். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, ஆகவே சோதித்துத்தான் அறிய முடியும். எட்டு வாரம் முழுவதுமாக நிறுத்திவிட்டு, புரதத்தைப் பருப்பு, சோயா, கொட்டைகளிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே சர்க்கரை சேர்த்த பானங்களையும் மைதாப் பண்டங்களையும் குறையுங்கள். ஒரே சமயத்தில் புதுக் கிரீமும் தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

கழுத்துக் கருமையைத் தொட்டுப் பாருங்கள். தோல் தடித்து, வெல்வெட் துணிபோல் இருந்து, அக்குளிலும் அப்படியே இருந்தால் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். அழுக்கு என்று நினைத்துத் தேய்ப்பவர்கள் ஏராளம். தேய்க்கத் தேய்க்க இன்னும் கருக்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி-யும் பாருங்கள். மாதவிடாய் தள்ளிப்போகிறதா, தாடையில் முடி வளர்கிறதா என்பதையும் கவனியுங்கள். ஆம் என்றால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கழுத்தும் தாடைப் பருவும் ஒரே வேரிலிருந்து வந்திருக்கக்கூடும். எடை அதிகமிருந்து, அதில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே மாற்றம் தெரியத் தொடங்கும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

வறட்சிக்குப் பெரும்பாலும் காரணம் கடும் சோப்பும் கொதிக்கும் வெந்நீரும்தான். வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குளித்து, ஈரம் காயும் முன்பே மாய்ஸ்சரைசர் பூசுங்கள். செதில் உதிரும் இடங்களுக்கு 10 சதவீத யூரியா உள்ள கிரீம் நல்லது; வெடிப்பில் பட்டால் எரியும். வைட்டமின் ஏ குறைந்தால் தோல் வறண்டு, முழங்கை, முழங்கால், தொடையில் முடிக்கால்கள் முள்போல் எழும். அதே வைட்டமின் மிதமிஞ்சினாலும் உதடு வெடித்து, தோல் உரிந்து, முடி கொட்டும். உங்கள் மல்டிவைட்டமின் அட்டையில் ரெட்டினால், அதாவது வைட்டமின் ஏ, எவ்வளவு என்று பாருங்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு உச்சவரம்பு 3,000 மைக்ரோகிராம், அதாவது 10,000 யூனிட். கர்ப்பம் தரிக்கத் திட்டமிருந்தால் இந்த வரம்பைத் தாண்டவே கூடாது, குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரும் அபாயம் உண்டு. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் எடுப்பவர்கள் வைட்டமின் ஏ மாத்திரையைத் தொடவே வேண்டாம். கேரட், கீரையில் இருப்பது பீட்டா கரோட்டின். அதனால் இந்த நஞ்சு ஏறாது. மிக அதிகமானால் உள்ளங்கை மஞ்சளாகும், கண்ணின் வெள்ளை மட்டும் வெள்ளையாகவே இருக்கும்.

வைட்டமின் ஈ-யையும் நிறுத்திவிடுங்கள். ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் போதும். எண்ணெய் வித்துக்களிலும் கொட்டைகளிலும் அது கிடைக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு அதிக அளவு ஈ ரத்தக்கசிவைக் கூட்டும். குளிகையை உடைத்து முகத்தில் தடவும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், ஒவ்வாமைத் தடிப்பு வரக்கூடும்.

தோலின் மேலடுக்கு புதுப்பிக்கப்படுவதற்கே நான்கு வாரம் அளவில் ஆகிறது. எந்த மாற்றத்தையும் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே எடைபோடுங்கள். ஆனால் ஈறில் ரத்தம் கசிந்து, கால் முடிக்கால்களைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் தோன்றினாலோ, கை கால் மரத்துப்போனாலோ, வெயில் படும் இடங்கள் மட்டும் எரிந்து கருத்து, கூடவே பேதியும் இருந்தாலோ அவ்வளவு நாள் காத்திருக்காமல் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.