ஏட்டு நிறுத்தினால் எதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்?

தெருவில் போலீஸ் நிறுத்தியது, விரட்டியது, போனைப் பிடுங்கியது என்று கடிதங்கள் குவிந்துவிட்டன. பல கேள்விகள் ஒரே மாதிரி இருந்ததால் சிலவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தார்கள், அதனால் யார் பெயரும் இல்லை.

ராத்திரி பதினொன்றரை மணிக்கு நண்பர்கள் நாலு பேர் டீ குடித்துவிட்டுக் கடை வாசலில் பேசிக்கொண்டிருந்தோம். ரோந்து வந்த எஸ்.ஐ. "கிளம்புங்கடா" என்றார். ஏன் சார் என்று கேட்டதற்கு எங்கள் பெயர், விலாசம், ஆதார் நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டு வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். இது சரியா? — மதுரை வாசகர்

முதலில் அந்த "டா". 2021-ல் கேரள உயர் நீதிமன்றம் அங்குள்ள போலீசாருக்கு, மக்களை "எடா, எடி" என்று கூப்பிடாதீர்கள் என்று உத்தரவே போட வேண்டியிருந்தது. நம் ஊர் எஸ்.ஐ. அதைப் படித்திருக்க மாட்டார், விடுங்கள்.

ராத்திரி தெருவில் நிற்பது குற்றமில்லை. யார், எங்கே போகிறீர்கள் என்று அவர் கேட்கலாம், கேட்பதற்குத் தனியாகச் சட்டம் வேண்டியதில்லை. ஆனால் பெயரையும் விலாசத்தையும் சொல்லாவிட்டால் கைது என்று மிரட்ட வேண்டுமானால் அதற்குச் சட்டம் வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா (வாயில் நுழையவில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். என்று சொல்லுங்கள், கோர்ட்டிலும் அப்படித்தான் சொல்கிறோம்) நடப்பில் இருக்கிறது. அதன் 39-வது பிரிவு, வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத ஒரு சின்னக் குற்றத்தை போலீஸ்காரர் கண்ணெதிரில் நீங்கள் செய்திருந்தாலோ, செய்ததாக உங்கள்மேல் குற்றச்சாட்டு இருந்தாலோ, அப்போதும் பெயர் விலாசம் சொல்ல மறுத்தால் கைது செய்யலாம் என்கிறது. டீ குடித்தது அதில் வராது. ஆதாரைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. போட்டோ, கைரேகை எடுப்பதற்கு 2022-ல் தனியாகவே ஒரு சட்டம் வந்தது. அதுவும் தண்டனை பெற்றவர், கைதானவர் போன்றவர்களைப் பற்றிப் பேசுகிறதே தவிர டீக்கடை வாசலில் நிற்பவரைப் பற்றி அல்ல.

இவ்வளவு சொன்ன பிறகு கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். புதிய சட்டத்தில் 172 என்று ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள், பழையதில் இது கிடையாது. போலீஸ் அதிகாரி தரும் சட்டப்படியான உத்தரவுக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும், மறுத்தாலோ அலட்சியம் செய்தாலோ அந்த ஆளை அப்புறப்படுத்தலாம், பிடித்தும் வைக்கலாம். அப்புறம் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும், சில்லறை விஷயம் என்றால் 24 மணி நேரத்துக்குள் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் விட்டுவிட வேண்டும். இதற்கு ஒரு கட்டு உண்டு. அந்த உத்தரவு குற்றத்தைத் தடுக்கும் அத்தியாயத்தின்கீழ் அவருக்குள்ள கடமையைச் செய்வதற்காக இருக்க வேண்டும், நினைத்ததையெல்லாம் உத்தரவு என்று சொல்ல முடியாது. ஆனால் ராத்திரி பதினொன்றரைக்கு, எது சட்டப்படியான உத்தரவு என்று அந்த இடத்தில் முடிவு செய்பவர் அவர்தான், நீங்களோ நானோ இல்லை. நாம் சரி என்று நிரூபிக்க மறுநாள் கோர்ட் திறக்க வேண்டும்.

அதனால் நான் சொல்வது, கிளம்பிவிடுங்கள். கோழைத்தனம் என்று தோன்றும், இருபது வயதில் எனக்கும் தோன்றியிருக்கும். சட்டையில் இருக்கிற பெயர், வண்டி நம்பர், நேரம் மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் எழுதிவையுங்கள். மறுநாள் எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் மனு. தெருவில் வாக்குவாதம் செய்தவர்மேல் பெட்டி கேஸ் போடுவது ரொம்பச் சுலபம், தபால் ரசீதோடு வருபவரை அப்படிச் சமாளிக்க முடியாது.

வாகனச் சோதனையில் பைக் சாவியை உருவிக்கொண்டார்கள். உருவலாமா? — சேலம் வாசகர்

சாவியை உருவு என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் எங்கும் இல்லை. சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும், இது 130-வது பிரிவு. டிஜிலாக்கரில் காட்டினாலும் போதும். லைசென்ஸைக் கைப்பற்றினால் அதற்கு எழுத்தில் ஒப்புகை தர வேண்டும், வண்டியைப் பிடித்து வைப்பதற்கும் குறிப்பிட்ட காரணங்கள் இருக்க வேண்டும். நீங்கள் ஹெல்மெட் போட்டிருந்தீர்களா என்று எழுதவே இல்லையே?

மகன் கல்லூரி விட்டு வரும்போது மஃப்டியில் இருந்த இருவர் நிறுத்தி, கஞ்சா சோதனை என்று சொல்லி போனை அன்லாக் செய்யச்சொல்லி வாட்ஸ்அப்பைப் படித்தார்களாம். பையன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. — கோவையிலிருந்து ஒரு தாய்

அம்மா, பையனிடம் முதலில் சொல்லுங்கள், அவன்மேல் எந்தத் தப்பும் இல்லை. 2021-ல் ஹைதராபாத்தில் இதே மாதிரி சாலையில் போவோர் வருவோரின் வாட்ஸ்அப்பைப் போலீஸ் படித்தது நாடு முழுக்கச் செய்தியானது.

பையைச் சோதிப்பதும் போனைப் படிப்பதும் ஒன்றல்ல. போதைப்பொருள் சட்டத்தின்படி, ஒருவரிடம் பொருள் இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் அதற்கென அதிகாரம் தரப்பட்ட அதிகாரிகள் பொது இடத்திலேயே சோதிக்கலாம். ஆனால் உடம்பைச் சோதிக்கும் முன்பு, கெசடட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை வேண்டுமா என்று கேட்க உனக்கு உரிமை இருக்கிறது என்று அவனிடம் சொல்லியாக வேண்டும். இது 50-வது பிரிவு, இதைச் சொல்லாததால் கேஸே விழுந்த கதைகள் நிறைய. கையில் இருக்கும் பையைச் சோதிப்பதற்கு இந்தப் பிரிவு பொருந்தாது, அதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

போன் விஷயத்தில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். விசாரணைக்கு ஒரு கருவி வேண்டும் என்றால் எழுத்து மூலம் கேட்கலாம், உரிய காரணத்தோடு கைப்பற்றலாம், சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 105 சொல்கிறது. வழக்கும் இல்லை, காகிதமும் இல்லை, ரோட்டோரத்தில் விரலால் தள்ளித் தள்ளிப் படிப்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடம் இல்லை. அடுத்த முறை "எந்த வழக்கு சார், நோட்டீஸ் கொடுங்க, அப்பாவோடு ஸ்டேஷனுக்கு வர்றேன்" என்று பணிவாகச் சொல்லட்டும். மஃப்டியில் இருந்தால் அடையாள அட்டையைக் கேட்கட்டும்.

கடற்கரையில் நானும் என் தோழியும் உட்கார்ந்திருந்தோம். "உங்கள் இருவர் வீட்டுக்கும் போன் போடவா?" என்று கேட்டு ஐநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார் ஒருவர். — சென்னை வாசகர்

அது அபராதம் இல்லை தம்பி, லஞ்சம், அதிலும் மிரட்டி வாங்கியது. ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காருவதைத் தடுக்கும் பிரிவு கிடையாது. பொது இடத்தில் மற்றவருக்குத் தொந்தரவாக ஆபாசமாக நடந்தால்தான் குற்றம். இப்படி மிரட்டிப் பறித்த ஒரு மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக் காவலரின் வேலைநீக்கம் உச்ச நீதிமன்றம்வரை போனது. ஒழுக்கப் போலீஸ் வேலை பார்ப்பது போலீஸின் வேலை இல்லை என்று 2022 டிசம்பரில் நீதிமன்றம் சொல்லி, நீக்கியது சரிதான் என்று தீர்ப்பளித்தது. கல்யாணமாகாத ஜோடி ஒரே அறையில் தங்குவதுகூடக் குற்றமில்லை என்று நம் சென்னை உயர் நீதிமன்றமே 2019-ல் சொல்லியாயிற்று, மணலில் உட்கார்ந்ததற்கா பயப்பட வேண்டும்? ஆனால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம் சட்டத்தைவிடப் பெரியது, அந்த ஆள் பிழைப்பதே அதில்தான்.

போலீஸ்காரரை வீடியோ எடுக்கலாமா? "அரசு ரகசியச் சட்டத்தில் உள்ளே போட்டுடுவேன்" என்கிறார்கள். — திருநெல்வேலி வாசகர்

பொது இடத்தில் கடமையில் இருப்பவரை வீடியோ எடுப்பதைப் பொதுவாகத் தடை செய்யும் சட்டம் இல்லை. ஸ்டேஷனுக்குள் எடுத்ததற்கே ஒரு வழக்கு நடந்தது, அந்தச் சட்டம் சொல்லும் தடை செய்யப்பட்ட இடங்களில் போலீஸ் ஸ்டேஷன் வராது என்று 2022-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு வழக்கை ரத்து செய்தது. ஆனால் முகத்துக்கு நேராகப் போனை நீட்டாதீர்கள். பணி செய்யவிடாமல் தடுத்தார் என்று எழுத அது போதும். நாலடி தள்ளி, வாயைத் திறக்காமல் எடுங்கள்.

நான் பதினெட்டு வருடமாகக் காவலர். உங்களைப் போன்றவர்கள் எழுதுவதால்தான் எங்களைச் சின்னப் பையன்கூட "எந்த செக்‌ஷன்?" என்று கேட்கிறான். திருவிழா பந்தோபஸ்தில் பதினாறு மணி நேரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? — ஒரு காவலர்

பார்த்ததில்லை. வெயிலில் நிற்பவரின் எரிச்சல் எனக்குப் புரிகிறது, உங்களுக்கு வாரவிடுப்பு ஒழுங்காகக் கிடைக்க வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்தப் பையன் கேட்பதில் என்ன தப்பு? செக்‌ஷன் இருந்தால் சொல்லிவிட்டுப் போகலாம், ஒரு நிமிடம் ஆகாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் இறந்த விவகாரம், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தது என்ற வழக்கில்தான் தொடங்கியது. தெருவில் ஆரம்பித்த ஒரு சில்லறைச் சச்சரவு. அது நடந்த பிறகு உங்களில் ஒழுங்காக வேலை பார்த்தவர்களையும் ஊர் எப்படிப் பார்த்தது என்று எனக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

63 வயதான என் அம்மாவைச் சாட்சி சொல்ல சாயங்காலம் ஏழு மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்கிறார்கள். — தஞ்சாவூர் வாசகர்

போக வேண்டாம். பெண்களையும், அறுபது வயது தாண்டிய ஆண்களையும், பதினைந்து வயதுக்குட்பட்ட பையன்களையும் சாட்சி விசாரணைக்கு அவர்கள் வீட்டைத் தவிர வேறிடத்துக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது. பி.என்.எஸ்.எஸ். 179. வீட்டுக்கு வந்து கேட்டுக்கொள்ளட்டும்.

ஸ்டேஷனில் என்னை அடித்தார்கள். சி.சி.டி.வி. பதிவு கேட்டால் கிடைக்குமா? — பெயர், ஊர் வேண்டாம்

உடனே கேளுங்கள், இந்தப் பதிலைப் படித்த அன்றே. எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. காகிதத்தில் அப்படி. சாத்தான்குளத்தில் விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஹார்டு டிஸ்கில் இடம் தாராளமாக இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி செட் செய்திருந்ததாக அறிக்கை கொடுத்தார். அதனால் தேதி, நேரம் போட்டு, பதிவை அழிக்காமல் பாதுகாக்கச் சொல்லி எஸ்.பி.க்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் இன்றே மனு அனுப்புங்கள். அரசு ஆஸ்பத்திரியில் காயத்தைப் பதிவு செய்யுங்கள், அடித்தது போலீஸ் என்று டாக்டரிடம் சொல்லி எழுதவையுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், இலவச சட்ட உதவி எண் அது.