நல்ல பாக்டீரியா மாத்திரை: தொப்பைக்கும் கரப்பான் நோய்க்கும் உதவுமா?

கோவையில் நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான், மருத்துவர் அல்ல. புரோபயாடிக், அதாவது உடலுக்கு நல்லது என்று உயிரோடு கொடுக்கும் பாக்டீரியா, பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன். எந்த மாத்திரையை எத்தனை வேளை போடுவது என்று கேட்டவர்கள் உங்கள் டாக்டரிடம் போங்கள்.

திருப்பூர், பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுபவர்: டீச்சர், நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. எடை 94 கிலோ. மருந்துக் கடையில் 'கொழுப்பைக் கரைக்கும் பாக்டீரியா' என்று ஒரு டப்பாவைக் காட்டினார்கள். வாங்கலாமா?

வேண்டாம். ஆனால் இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜெஃப்ரி கோர்டன் குழுவினர், குண்டு எலிகளின் குடல் பாக்டீரியாவை எடுத்துக் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். ஒல்லி எலிகளின் பாக்டீரியாவைப் பெற்றவற்றைவிட இவற்றுக்குக் கொழுப்பு கூடுதலாகச் சேர்ந்தது. ஆசை அங்கே பிறந்தது.

மனிதர்களிடம் கிடைத்தது என்ன? 2010இல் ஜப்பானில் லாக்டோபாசிலஸ் காசெரி என்ற பாக்டீரியா கலந்த புளித்த பாலை 12 வாரம் குடிக்க வைத்தார்கள். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சுமார் 4.6 சதவீதமும், உடல் எடை 1.4 சதவீதமும் குறைந்தன. உங்கள் 94 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 1.3 கிலோ வருகிறது. கணக்கு எழுதுகிற உங்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆய்வில், குடிப்பதை நிறுத்திய நாலே வாரத்தில் பலனும் மங்கத் தொடங்கியது.

இதைவிட எனக்குச் சுவையாகப் பட்டது பெல்ஜியத்தில் 2019இல் வெளியான ஆய்வு. குடலின் சளிப்படலத்தைத் தின்று வாழும் அக்கர்மான்சியா என்ற பாக்டீரியாவை மூன்று மாதம் கொடுத்தார்கள். முழுதாக முடித்தவர்கள் 32 பேர்தான். இன்சுலின் வேலை செய்யும் திறன் மேம்பட்டது, அதுவும் உயிருள்ள பாக்டீரியாவால் அல்ல, சூடாக்கிச் சாகடித்த பாக்டீரியாவால்! எடை கொஞ்சம் இறங்கியது. ஆனால் அது தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை.

பல்லடம், கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர்: நாங்கள் தீவனத்தில் புரோபயாடிக் கலப்பதே கோழி சீக்கிரம் எடை போடத்தான். அதையே மனிதன் தின்றால் எடை குறையும் என்கிறீர்கள். யாரை ஏமாற்றுகிறீர்கள்?

வந்த கேள்விகளில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஐயா. பிரான்சில் மார்செய் நகரத்து ஆய்வாளர்கள் இதே சந்தேகத்தைக் கையில் எடுத்து, மனிதர்களிலும் விலங்குகளிலும் நடந்த ஆய்வுகளை ஒன்று சேர்த்து 2012இல் அலசினார்கள். லாக்டோபாசிலஸ் அசிடோஃபிலஸ் கொடுத்த இடங்களில் எடை கூடியிருந்தது. காசெரி கொடுத்த இடங்களில் குறைந்திருந்தது. இரண்டுமே லாக்டோபாசிலஸ்தான். காங்கேயமும் மாடு, சிந்துவும் மாடு; அதற்காகச் சிந்துவை வண்டியில் பூட்டிவிட்டுக் காங்கேயத்திடம் பத்து லிட்டர் பால் எதிர்பார்ப்போமா? பாக்டீரியாவில் இனத்துக்குள்ளேயே உள்வகைகள் உண்டு. ஜப்பான் ஆய்வில் கொடுத்தது 'எஸ்.பி.டி. 2055' என்ற உள்வகை. ஆய்வில் கிடைத்த பலன் அந்த உள்வகைக்கு மட்டுமே சொந்தம். அடுத்த டப்பாவுக்கு அதில் பங்கு கிடையாது.

உங்கள் பண்ணையில் கதையே வேறு. பொரிப்பகத்தில் பிறக்கும் குஞ்சு தாய்க்கோழியையே பார்ப்பதில்லை. தாயின் பாக்டீரியா அதற்கு வருவதும் இல்லை. காலியான குடலில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி சுலபமாக இடம் பிடித்துவிடும். வளர்ந்த கோழியின் குடலில் இருப்பதைக் குஞ்சுக்குக் கொடுத்தால் இதைத் தடுக்கலாம் என்று ஃபின்லாந்துக்காரர்கள் 1973லேயே காட்டினார்கள். நோய் தாக்காத குஞ்சு தின்ற தீவனத்தைக் கறியாக மாற்றுகிறது. நீங்களும் ஏமாறவில்லை, நானும் ஏமாற்றவில்லை.

ஈரோடு, ஆறு மாதக் கர்ப்பிணி: அவருக்கு ஆஸ்துமா. மூத்தவனுக்குக் கரப்பான் (எக்ஸிமா என்கிற தோல் அரிப்பு) வந்து படாத பாடு பட்டோம். இந்தக் குழந்தைக்கு வராமல் இருக்க நான் இப்போதே புரோபயாடிக் எடுக்கலாமா?

அம்மணி, இதற்கு மட்டும் 'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 2001இல் ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் உங்களைப் போல ஒவ்வாமை உள்ள குடும்பங்களையே எடுத்துக்கொண்டார்கள். பேறுகாலத்துக்கு முன்பு தாய்க்கும், பிறகு ஆறு மாதம் தாய்க்கோ குழந்தைக்கோ லாக்டோபாசிலஸ் ராம்னோசஸ் ஜி.ஜி. கொடுத்தார்கள். இரண்டு வயதில் பார்த்தபோது, வெறும் மாத்திரை பெற்ற பிள்ளைகளில் 46 சதவீதம் பேருக்குக் கரப்பான். பாக்டீரியா பெற்றவர்களில் 23 சதவீதம். சரிபாதி! உலகமே துள்ளியது. அதே பாக்டீரியாவை வைத்து ஜெர்மனியில் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வித்தியாசமும் இல்லை.

உலக ஒவ்வாமை அமைப்பு 2015இல், குடும்பத்தில் ஒவ்வாமை இருந்தால் கர்ப்பிணிகள் எடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்றது. சான்று பலவீனமானது என்பதையும் சேர்த்தே சொன்னது. அதுவும் கரப்பானுக்கு மட்டும்தான். ஆஸ்துமாவைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு எடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். எடுக்காவிட்டாலும் குற்ற உணர்ச்சி தேவையில்லை.

பொள்ளாச்சி: குழந்தைக்கு ஒன்றரை வயது. கரப்பான் ஏற்கெனவே வந்துவிட்டது. இப்போது கொடுத்தால்?

பெரிதாகப் பயனில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் என்ற அமைப்பு 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசல் 2018இல் வந்தது. அரிப்பிலும் தூக்கத்திலும் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. அந்தப் பணத்துக்கு மருத்துவர் சொன்ன களிம்பையும் ஈரப்பதம் காக்கும் கிரீமையும் வாங்கித் தாராளமாகத் தடவுங்கள்.

கோபி, விவசாயி: நாங்கள் காலையில் கம்மங்கூழும் மோரும் குடிக்கிறோம். வீட்டிலேயே உறை ஊற்றிய தயிர். இதற்கு மேல் மாத்திரை எதற்கு?

எதற்குமே வேண்டாம். ஆனால் உங்கள் தயிரைப் புரோபயாடிக் என்றும் சொல்ல முடியாது. நேற்றைய மோரில் ஒரு கரண்டியை வெதுவெதுப்பான பாலில் விடும்போது என்னென்ன பாக்டீரியா எவ்வளவு போகிறது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வெயில் ஏறினால் ஒரு கூட்டம் பெருகும், மார்கழியில் இன்னொரு கூட்டம். புரோபயாடிக் என்றால் இன்ன பாக்டீரியா, இத்தனை, உயிரோடு, நிரூபித்த பலனுடன் இருக்க வேண்டும் என்பது 2001 முதல் உலக அளவில் உள்ள வரையறை. இட்லி மாவில் பாக்டீரியா கோடிக்கணக்கில் உண்டு; இட்லிக் குண்டானில் ஆவி வந்ததும் கதை முடிந்தது. இதனாலெல்லாம் கூழின் பெருமை குறைந்துவிடாது. கடையில் விற்கும் சர்க்கரை போட்ட புரோபயாடிக் பானத்தை எடை குறைக்கக் குடிப்பவரைவிட நீங்கள் எவ்வளவோ மேல்.

தாராபுரம்: பார்த்தீனியம் பூத்தால் எனக்குத் தும்மல் நிற்காது. மாத்திரை உதவுமா?

மூக்கு ஒவ்வாமையில் சில ஆய்வுகள் சிறு நிம்மதியைக் காட்டியிருக்கின்றன, அவ்வளவுதான். செடியைப் பூப்பதற்கு முன்பே பிடுங்க ஆள் விடுங்கள். நீங்கள் பிடுங்காதீர்கள்.

அவிநாசி, நிலக்கடலை வியாபாரி: ஆஸ்திரேலியாவில் இருக்கும் பேரனுக்குக் கடலை ஆகாது. ஒரு கடலை தின்றாலே மூச்சுத் திணறல். அங்கே பாக்டீரியா கொடுத்துக் குணப்படுத்துகிறார்களாமே? விடுமுறைக்கு வரும்போது நாமே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கலாமா?

கூடவே கூடாது, ஐயா. நீங்கள் கேள்விப்பட்டது மெல்போர்னில் 2015இல் வெளியான ஆய்வு. கடலை மாவை மிக நுண்ணிய அளவில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போனார்கள், கூடவே பாக்டீரியாவும் கொடுத்தார்கள். 82 சதவீதக் குழந்தைகள் கடலையைத் தாங்கினார்கள். ஆனால் புகழ் கடலைக்கா, பாக்டீரியாவுக்கா என்பது அதில் தெரியவில்லை. அதே குழு இரண்டையும் பிரித்துச் சோதித்து 2022இல் வெளியிட்டது: பாக்டீரியாவுடன் 46 சதவீதம், கடலை மட்டும் கொடுத்தபோது 51 சதவீதம். வேலை செய்தது கடலைதான்.

அந்தச் சிகிச்சை மருத்துவர்களின் மேற்பார்வையில் 18 மாதம் நடந்தது. கடலை வியாபாரம் செய்யும் உங்கள் வீட்டில் கடலை மூட்டைகள் இருக்குமே. பேரன் வரும் மாதம் மூட்டைகளைக் குடோனுக்கு மாற்றுங்கள், கடலை எண்ணெய்ச் சட்டியைத் தனியாக வையுங்கள், சட்னி அரைத்த மிக்ஸி ஜாரில் அவனுக்கு எதையும் அரைக்காதீர்கள். கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போடும் அட்ரினலின் ஊசியை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்; அதை எப்படிப் போடுவது என்று வந்த அன்றே வீட்டில் எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள்.